'பறி'யில் மூணு ரகம்!

ஏற்காடு மலையில மாரமங்கலம் பக்கம் நவம்பர் வந்தா காபிப் பழம் பறிக்கிற சீசன். நமக்கு பூவும் பறிதான், செயினும் பறிதான். இங்கிலீஷ்ல அப்படி விடமாட்டாங்க.

இன்டர்வியூல, 'அம்மா எஸ்டேட்ல பழம் பறிக்கிறாங்க'ன்னு சொல்லணுமா? தலைநிமிர்ந்து 'ஷி பிக்ஸ் காபி' என்று சொல்லுங்கள். 'பிக்' என்றால் பறிப்பது மட்டுமல்ல, பார்த்துத் தேர்ந்தெடுப்பதும்தான். ஒரே கொத்தில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும். பழுத்ததை மட்டும் எடுக்க கண்ணும் விரலும் சேர்ந்து ஓடணும். தேயிலைக் கொழுந்துக்கு 'ப்ளக்'. கோழி இறகு, புருவ முடி பிடுங்குவதும் அதே ப்ளக்தான்.

டிக்‌ஷனரியைப் பார்த்து 'ஸ்நாட்ச்' போட்டீங்களோ, போச்சு! அம்மா காபியைப் பிடுங்கிட்டு ஓடுறாங்கன்னு ஆயிடும்.

'பிக்பாக்கெட்'டும் அதே பிக்தானேன்னு கேட்கறீங்களா? ஆமா, அதேதான்!