கடைமடைக் காதலர்கள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ராத்திரி பதினொன்றரை மணி. தஞ்சாவூரில் எங்கள் பேச்சுலர் ரூம். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தேன். பக்கத்துப் பாயிலிருந்து விசும்பல் சத்தம். பதறிப்போய் ஸ்விட்சைத் தட்டினால், போர்வைக்குள் மொபைலை வைத்துக்கொண்டு அறைத் தோழன் அழுதுகொண்டிருக்கிறான்!

ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஆடிட்டரிடம் உதவியாளர். அதனால் நாங்கள் வைத்த பெயரும் 'ஆடிட்டர்'தான். கணக்கில் மூன்று ரூபாய் உதைத்தால் கட்சிக்காரரை மூன்று நாள் தூங்க விடாத கல்நெஞ்சன்.

"என்னடா... ஊர்ல யாருக்காவது ஏதாவது...?"

"ஜங்-ஹ்வான்டா..." என்றான் மூக்கை உறிஞ்சியபடி.

"யாரு, உன் கிளையன்ட்டா?"

"போடா! கொரியாக்காரன். அவனுக்கு அவ கிடைக்கலைடா!"

வேறு யாராவது என்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். சிரிக்கவில்லை. காரணம், பொங்கல் லீவில் அதே தொடரில், அதே இடத்தில் அடியேனும்... ஹி...ஹி... அதைப் பிறகு சொல்கிறேன்.

* * *

தொடரின் பெயர் 'ரிப்ளை 1988'. 2015 நவம்பரில் ஆரம்பித்து 2016 ஜனவரியில் கொரியாவில் முடிந்த கதை. மொத்தம் இருபதே எபிசோடு. எங்களுக்கு வந்து சேர இத்தனை வருஷம்! கடைமடைக்கு எல்லாமே லேட்டாகத்தான் வரும்.

சியோல் நகரத்தில் ஒரு சந்து. சந்தில் ஐந்து வீடு. அதே வயசில் ஐந்து பிள்ளைகள். அதில் பெண் டோக்-சுன் ஒருத்திதான். படிப்பு சுமார், வாய் ஜாஸ்தி. வளர்ந்தபின் இவளுக்குப் புருஷனாகப் போவது யார் என்பதுதான் சஸ்பென்ஸ். சிடுமூஞ்சி ஜங்-ஹ்வானா, அல்லது 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் புலியாகவும், மற்ற விஷயங்களில் பூனையாகவும் இருக்கும் டேக்கா?

கொரியாவில் இதற்காக இரண்டு கட்சியே உண்டாகிவிட்டது. அங்கே அண்ணன் ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி. எங்கள் ரூமில் மூன்று பேர். மூன்று ஓட்டும் ஜங்-ஹ்வானுக்கு. மூன்று பேருக்கும் டெபாசிட் காலி.

* * *

எங்கள் வீட்டில் கொரியா நுழைந்தது 2014 வாக்கில். புதுயுகம் டி.வி.யில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. பேராவூரணி பக்கம் எங்கள் கிராமத்தில் கரண்ட் போகாத நாட்களில் அம்மா 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' பார்ப்பாள். சலவைக்கடைக்காரர் மகளைப் பணக்காரப் பையன் காதலிக்கிறான். பையனின் அம்மா வில்லி. "இதுல என்ன கொரியா இருக்கு? இது நம்ம ஊர்க் கதைதான். மூக்கு மட்டும் கொஞ்சம் சின்னது" என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அதிலும் ஒரு இரண்டாவது ஹீரோ உண்டு. அமைதியாக வயலின் வாசிப்பான், அவள் அழும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பான், கடைசியில் வெறுங்கையோடு போவான். "அந்தச் சாது புள்ளைக்கே கட்டி வெச்சிருக்கலாம்" என்று அம்மாவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'செகண்ட் லீட் சிண்ட்ரோம்'. வியாதி மாதிரியே பேர். வியாதிதான்.

அப்புறம் தங்கை காலேஜ் போனாள். டப்பிங் பிடிக்காமல், கொரிய மொழியிலேயே போட்டு, கீழே ஓடும் இங்கிலீஷை அம்மாவுக்கு மொழிபெயர்ப்பாள். அங்கேதான் வந்தது சிக்கல்.

"ஏன்டி, அவ அப்பாவையும் அப்பாங்குறா, கூட வர்ற பையனையும் அப்பாங்குறாளே?"

"அம்மா, இவரு அப்பா. அவன் 'ஓப்பா'. ஓப்பான்னா அண்ணன்."

"அண்ணனையா கட்டிக்கப் போறா? அடக் கடவுளே, டி.வி.யை நிறுத்துடி!"

கொரியாவில் பெண்கள் கூடப் பிறந்த அண்ணனையும் ஓப்பா என்பார்கள், வயதில் மூத்த காதலனையும் ஓப்பா என்பார்கள் என்று விளக்கி முடிப்பதற்குள் ஒரு எபிசோடு ஓடிவிட்டது. நம் ஊரில் 'அண்ணா' என்று ஒருத்தி கூப்பிட்டால் அத்தோடு கதை முடிந்தது. 'அத்தான்' என்றால்தான் கதையே ஆரம்பம்! ஆனால் நம் அத்தை மகன், மாமன் மகள் சமாச்சாரத்தை ஒரு கொரியாக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், அவர் டி.வி.யை நிறுத்துவார். எட்டுப் படி தள்ளியிருக்கும் ரத்த சொந்தத்தைக்கூடக் கட்டக் கூடாது என்பது அவர்கள் ஊர்ச் சட்டம்.

அப்பாவும் சளைத்தவரல்ல. பேப்பரை மூஞ்சிக்கு நேரே பிடித்துக்கொண்டு, பார்க்காத மாதிரியே பார்ப்பார். 'ரிப்ளை 1988'-ல் டோக்-சுன்னின் அக்காவும் அதே சந்துப் பையன் ஒருத்தனும் காதலர்கள். இரண்டு பேருக்கும் ஒரே குலப்பெயர், ஒரே பூர்வீகம். அந்தக் காலத்துக் கொரியச் சட்டப்படி அப்படிக் கல்யாணம் பண்ணக் கூடாது. 1997-ல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005-ல்தான் சட்டப் புத்தகத்தையே திருத்தினார்கள். இதையெல்லாம் தங்கை சொல்லி முடிக்கவில்லை, பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "பங்காளி முறையாச்சே! எப்படிக் குடுப்பான்?"

அப்பாவுக்குக் கொரியா புரிந்துவிட்டது.

அம்மாவுக்குப் பிடித்ததோ சோறு. முதல் எபிசோடிலேயே, சாயங்காலம் ஒரு வீட்டில் செய்த பதார்த்தத்தைப் பிள்ளைகள் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறார்கள், அங்கிருந்து வேறொரு கிண்ணம் திரும்பி வருகிறது. எங்கள் தெருவில் குழம்புக் கிண்ணம் வெறும் கிண்ணமாகத் திரும்பிய சரித்திரமே கிடையாது. கொரிய மொழியில் சோற்றுக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே வார்த்தைதானாம். பார்த்தவுடன் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார்களாம். நெல் விளையும் ஊர்ப் புத்தி எங்கே போனாலும் ஒன்றுதான். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகம் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியல் அறிஞர்கள் இன்று ஒப்புக்கொள்வதில்லை. அம்மா ஒப்புக்கொண்டுவிட்டாள்.

* * *

இப்போது ஜங்-ஹ்வான் விஷயத்துக்கு வருவோம்.

பையன் அவளுக்காக என்னென்னவோ செய்வான். கூட்ட பஸ்ஸில் அவள் மேல் யாரும் இடிக்காமல் கையை வேலியாக வைத்துக்கொண்டு நிற்பான். காலையில் அவள் வெளியே வரும்வரை ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவான். எல்லாம் செய்வான். சொல்ல மட்டும் மாட்டான்!

இந்த மாதிரி ஆசாமி நமக்குப் புதுசா என்ன? 1991-ல் கதிர் இயக்கிய 'இதயம்' படத்தில் முரளி பார்த்த உத்தியோகம் இதுதானே! காதலைச் சொல்ல முடியாமல் காலேஜ் முழுக்கத் தவித்தாரே, ஒரு தலைமுறையே கூடச் சேர்ந்து தவித்ததே! ஜங்-ஹ்வான், கொரியாவின் முரளி.

ஆனால் ஒரு வித்தியாசம். நம் சினிமா, சொல்லாத காதலுக்கு மாலை போட்டு மரியாதை செய்தது. கொரியாக்காரர்கள் செய்யவில்லை. பதினெட்டாவது எபிசோடில் பாட்டுக் கச்சேரி வாசலில் அவள் தனியாக நிற்கிறாள் என்று தெரிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பறக்கிறான். வழியெல்லாம் சிவப்பு சிக்னல். ஒவ்வொன்றிலும் நின்று, நின்று, போய்ச் சேர்ந்தால், டேக் அங்கே முன்னாலேயே நிற்கிறான்! அவனுக்கும் அன்றைக்கு முக்கியமான ஆட்டம். ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். ஜங்-ஹ்வான் அங்கே விதியைத் திட்டவில்லை. குறுக்கே நின்றது சிக்னல் இல்லை, இத்தனை வருஷம் தயங்கித் தயங்கி நின்ற தன் புத்திதான் என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்கிறான்.

ஆடிட்டர் அழுதது அங்கேதான். நான் அழுததும் அங்கேதான்.

* * *

2016-ல் எனக்குப் பட்டுக்கோட்டையில் வேலை. தினமும் காலை 8.10 பஸ். அடுத்த தெருப் பெண். ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. அதே பஸ். அவள் டிபன் பாக்ஸ் பையை நான் மடியில் வாங்கி வைத்துக்கொள்வேன். சில்லறை இல்லாவிட்டால் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவாள். நான்கு வருஷத்தில் நான் பேசிய முழு வாக்கியம்: "இன்னிக்கு பஸ் லேட்டு."

என் சிக்னல்களையும் சொல்லிவிடுகிறேன். 2017-ல் தங்கை காலேஜ் ஃபீஸ், அதனால் இப்போது வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல். ஒரே ராத்திரியில் எங்கள் தென்னந்தோப்பு தரையோடு படுத்துவிட்டது. அப்பா திண்ணையில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போது காதலாவது, கத்திரிக்காயாவது! 2019-ல் அப்பா மெதுவாகக் கன்று வைக்க ஆரம்பித்தார். சரி, அடுத்த வருஷம் சொல்லலாம் என்று இருந்தேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு. பஸ்ஸே நின்றுபோனது. மறுபடி பஸ் ஓடியபோது அந்த ஜன்னலோர சீட்டில் வேறு யாரோ. அவளுக்கு மன்னார்குடியில் கல்யாணமாகியிருந்தது.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. வழக்கமாக மேட்டூர் திறக்கிற தேதி ஜூன் 12. திறந்ததும் டி.வி.யில் பூத்தூவுவார்கள். அந்தத் தண்ணி கல்லணை தாண்டி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை எல்லாம் குடித்தது போக எங்கள் வாய்க்காலுக்கு வருவதற்குள் சில வருஷம் பட்டமே போய்விடும். என் காதலும் அப்படித்தான், கடைமடைக்காரன் தலையெழுத்து என்று பல வருஷமாக மனசைத் தேற்றி வைத்திருந்தேன்.

பொங்கல் லீவில் அந்த சிக்னல் காட்சி ஓடியபோது, "கண்ல தூசி" என்று எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள்.

"என்னடா, அந்தப் பொண்ணு ஞாபகமா?"

தூக்கிவாரிப்போட்டது. "எந்தப் பொண்ணு?"

"நடிக்காதடா. நீ வாயைத் தொறப்பேன்னு நானும் ரெண்டு வருஷம் பார்த்தேன்."

"அப்பா ஒத்துக்கிட்டிருப்பாராம்மா?"

"குதிச்சிருப்பார். நாலு நாள் குதிச்சிட்டு, அஞ்சாம் நாள் பசிச்சா சாப்பிட வந்துதானே ஆகணும்?"

"அவளுக்கு என் மேல அப்படி ஒண்ணும்..."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நீலகண்டப் பிள்ளையார் கோவில்ல பார்த்தா, தெருப் பொண்ணுங்க எல்லாம் என்னை 'ஆன்ட்டி'ம்பாங்க. அவ ஒருத்திதான்டா 'அத்தை'ம்பா. எனக்குப் புரிஞ்சுது. உனக்குத்தான் அவ வாயில வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?"

கொல்லையில் கஜாவுக்கு அப்புறம் வைத்த தென்னங்கன்று ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

* * *

இதை எல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆடிட்டரிடம் சொன்னேன். அவன் ஆபீஸிலேயே ஒரு பெண். ஒன்றரை வருஷமாக இவன் பேசியது வவுச்சர் பற்றி மட்டும்.

"திங்கக்கிழமை சொல்லிடு" என்றேன். "ஆனா கொரியாக்காரன் மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சு இழுக்கிற வேலை வேண்டாம். நம்ம சினிமா ஹீரோ மாதிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாடி போற வேலையும் வேண்டாம். மரியாதையா, ஒரே ஒரு தடவை. முடியாதுன்னா, 'சரிங்க'ன்னு சொல்லிட்டு வவுச்சரைப் பாரு."

திங்கள் சாயங்காலம் ஆடிட்டர் ரூமுக்கு வந்தான். சட்டையெல்லாம் வியர்வை.

"சொல்லிட்டேன்டா!"

"அவ என்ன சொன்னா?"

"யோசிச்சு சொல்றேன்னா. வீட்ல அக்கா கல்யாணம் முடியணுமாம்."

என்ன பதில் வருமோ தெரியாது. ஆனால் அன்று ராத்திரி ஆடிட்டர் நாடகம் பார்க்கவில்லை, குறட்டை விட்டுத் தூங்கினான். ஐந்தொகை 'டாலி' ஆன நிம்மதி!

என் கணக்கு? ஞாயிறன்று போன் பண்ணியபோது தங்கை சொன்னாள்: "அண்ணே, அம்மா இப்ப தினமும் ரெண்டு வேளை பிள்ளையார் கோவிலுக்குப் போறாங்க. எந்தப் பொண்ணாவது 'அத்தை'ன்னு கூப்பிடுதான்னு பார்க்கத்தான்!"