ஆண்டுக்குப் பதின்மூன்று மாதமா?

மில் தொழிலாளிக்கு ஆண்டில் பன்னிரண்டு சம்பளம். அவர் சட்டைப் பையிலுள்ள செல்போனுக்கோ பதின்மூன்று ரீசார்ஜ்! இருபத்தெட்டு நாள்தான் ஒரு மாதம் என்று டெலிபோன் கம்பெனிகள் தனிப் பஞ்சாங்கம் எழுதி வைத்திருக்கின்றன. மளிகைக் கடைக்காரர் இப்படிக் கணக்குப் பார்த்தால் தெருவில் நிறுத்திக் கேட்க மாட்டோமா?

இதைக் கேட்பதற்கென்றே 1997-ல் அமைக்கப்பட்டது டிராய் என்னும் ஆணையம். அது 2022 ஜனவரியில் ஒரு உத்தரவு போட்டது. முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைக்க வேண்டும் என்றது. கம்பெனிகளும் வைத்தன. ஆனால் விலை? அது கம்பெனியின் இஷ்டம். செல்போன் கட்டணத்தில் தலையிடுவதில்லை என்பதே இருபதாண்டுகளுக்கு மேலாக ஆணையத்தின் கொள்கை. வேடிக்கை என்னவென்றால், கிராமத்துத் தரைவழி டெலிபோனுக்குக் கட்டண வரம்பு விதித்து வைத்திருந்தார்கள். எந்தக் குடிசையில் தோழர்களே அந்தக் கறுப்புப் பெட்டி இருக்கிறது?

2024 ஜூலை 3-ல் ஜியோவும் ஏர்டெல்லும் கட்டணத்தை ஏற்றின. மறுநாள் வோடாபோன் ஐடியாவும் ஏற்றியது. ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189 ஆயிற்று. மற்ற இரண்டிலும் 179 ரூபாய் 199 ஆயிற்று. இதற்குப் பெயர் போட்டியாம்! 199 ரூபாயைப் பதின்மூன்றால் பெருக்குங்கள்: 2,587 ரூபாய். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக் கூலி 319 ரூபாய். ஒரு நம்பரை உயிரோடு வைத்திருக்க எட்டு நாள் கூலிக்கும் மேல்! செல்போன் ஆடம்பரம் என்று யாரும் நமக்கு உபதேசம் செய்ய வேண்டாம். 2023 ஜனவரி முதல் அந்த வேலைத்தலத்தில் ஆஜர் போடுவதையே செல்போன் போட்டோவுக்கு மாற்றியவர்கள் டெல்லி சர்க்கார்தான். சிக்னல் இல்லையென்றால் வேலை செய்தவள் கணக்கில் வராமல் போனாள்.

கட்டணத்தைச் சந்தை தீர்மானிக்கும் என்று சர்க்கார் பதில் சொல்லிற்று. எந்தச் சந்தை? 2016 செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்தபோது ஜனங்கள் மகிழ்ந்தார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் சிறிய கம்பெனிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் மனுக் கொடுத்தபோது, நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்ற நம் ஊர்களில் ஜனங்கள் அலைந்த அலைச்சல் மறந்துவிடுமா? இலவசம் கொடுத்தவன் எதிரிகள் ஒழிந்த பிறகு விலை சொல்கிறான்.

2024 டிசம்பரில் ஆணையம் இன்னொரு உத்தரவு போட்டது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.சுக்கும் மட்டுமான தனித் திட்டம் வேண்டும் என்றது. நல்ல உத்தரவுதான், வரவேற்கிறோம். கம்பெனிகள் என்ன செய்தன? 84 நாளுக்கு 448 ரூபாய், 469 ரூபாய் என்று மொத்தமாகக் கேட்டன. வாரக்கூலி வாங்குகிறவர் அதை ஒரே தவணையில் எப்படிக் கட்டுவார்?

காகித உத்தரவு கிராமத்தில் போட்டியை உண்டாக்காது. லாபம் பார்க்கும் கம்பெனி நூறு குடும்பத்துக்காக டவர் நடாது. அங்கே போட்டி என்று ஒன்று இருக்குமானால் அது பொதுத்துறை பி.எஸ்.என்.எல்.தான். அதை என்ன பாடு படுத்தினார்கள்! தனியார்கள் 5ஜி விற்கும்போது, இதன் 4ஜி சேவைக்கு நாடு தழுவிய துவக்க விழா நடத்தவே 2025 செப்டம்பர் ஆயிற்று. 2020 ஜனவரியில் ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களை விருப்ப ஓய்வு என்ற பெயரில் வெளியேற்றினார்கள். அப்படி முடக்கியும், 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய மாதத்தில் ஏறக்குறைய 29 லட்சம் பேர் அதனிடம் வந்து சேர்ந்தார்கள். தனியாருக்குக் கடிவாளம் எங்கே இருக்கிறது என்பதை ஜனங்கள் காட்டிவிட்டார்கள்.

எனவே நாம் கேட்பது: அடிப்படைத் திட்டத்துக்கு உச்ச விலையை ஆணையம் நிர்ணயிக்க வேண்டும், மாதம் என்றால் காலண்டர் மாதம். கிராமச் சேவைக்கென்று கம்பெனிகளின் வருமானத்தில் வசூலிக்கும் நூற்றுக்கு ஐந்து பங்கு பி.எஸ்.என்.எல். டவர்களுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் என்றார்கள். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அது வந்திருக்கிறதா, வந்தது வேலை செய்கிறதா, பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் இணைப்புக் கொடுத்தார்களா? அடுத்த கிராமசபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்கள்.