சும்மா சுற்றும் ஷாஃப்ட்டுக்கும் பெட்ரோல்தான்

குடும்பத்துக்கு ஒரு எஸ்யூவி பார்க்க ஷோரூமுக்குள் நுழைந்தால் இரண்டு உறுதிமொழிகள் காதில் விழும். “ஆல் வீல் டிரைவ் எடுத்துடுங்க சார், பிள்ளைகளோட போறீங்க, மழைக்கும் மலைக்கும் அதுதான் பாதுகாப்பு.” மைலேஜ் அடிபடாதா என்று கேட்டால், “தேவைப்பட்டால்தான் பின்சக்கரத்துக்குப் பவர் போகும். மத்த நேரத்துல சாதா வண்டிதான், மைலேஜ் குறையாது.” இதை ஷோரூமில் மட்டுமல்ல, கார் வாங்கிய உறவினர்களிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கேட்கலாம். இரண்டுமே தவறு.

மாருதி சுசுகி 2022-இல் கொண்டுவந்த கிராண்ட் விட்டாராவையே எடுத்துக்கொள்வோம். அதே 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், அதே மேனுவல் கியர். முன்சக்கரத்தில் மட்டும் ஓடும் மாடலுக்குச் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர். ‘ஆல்கிரிப்’ என்ற பெயரில் வந்த ஆல் வீல் டிரைவ் மாடலுக்கு 19.38. சுமார் 8 சதவீதம் குறைவு. வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டும் குடும்பத்துக்கு இது ஏறத்தாழ 50 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் வருடம் 5,000 ரூபாய், பத்து வருடத்தில் அரை லட்சம். அறிமுகமானபோது ஷோரூம் விலையிலேயே இரண்டுக்கும் ஒன்றரை லட்சம் வித்தியாசம் இருந்தது. அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பவர் போகாதபோதும் ஏன் பெட்ரோல் செலவாகிறது? வண்டியைத் தூக்கி வைத்து அடியில் பார்த்தால் விளங்கிவிடும். கியர்பாக்ஸை ஒட்டி, திசையைத் திருப்பிவிடும் பல்சக்கரங்கள். அங்கிருந்து வண்டியின் நீளத்துக்குப் பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் கடைசியில் கிளட்ச் தட்டுகள் கொண்ட ஓர் இணைப்பு, அதன் பின் டிஃபரன்ஷியல், இரு பக்கமும் ஆக்ஸில். கம்ப்யூட்டர் கட்டளையிட்டால் இறுகுவதும் விடுவதும் நடுவிலுள்ள அந்தக் கிளட்ச் மட்டும்தான். அது விட்டிருக்கும்போதும் முன்பாதியை எஞ்சின் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. பின்பாதியைச் சாலையில் உருளும் பின்சக்கரங்களே சுழற்றுகின்றன. கெட்டியான கியர் ஆயிலை அந்தப் பல்சக்கரங்கள் கடைந்துகொண்டேதான் ஓடுகின்றன. இத்தனை இரும்பின் எடையையும் ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். ஓய்வு என்பது சக்கரத்தைத் தள்ளும் வேலைக்கு மட்டும்தான்; உராய்வுக்கும் எடைக்கும் ஓய்வு கிடையாது.

கம்பெனிகளுக்கு இது தெரியாததல்ல. 2019 மாடல் ராவ்4 வண்டியின் சில வகைகளில், தேவையில்லாத நேரத்தில் ஷாஃப்ட் சுற்றுவதையே நிறுத்திவிடும் அமைப்பை டொயோட்டா வைத்தது. எரிபொருளை மிச்சம்பிடிக்கத்தான். இழப்பே இல்லையென்றால் அந்தச் செலவை எதற்குச் செய்திருப்பார்கள்? இழப்பு வண்டிக்கு வண்டி மாறும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் விற்ற 2023 ஹோண்டா சிஆர்-வி டர்போ பெட்ரோல் வண்டிக்கு அந்நாட்டு அரசு தந்த கணக்கு, முன்சக்கர மாடலுக்கு கேலனுக்கு 30 மைல், ஆல் வீல் டிரைவுக்கு 29. சிறியதுதான். ஆனால் அங்கும் குறைகிறதே தவிர, குறையாமல் இல்லை.

பெட்ரோல் போனால் போகட்டும், பிள்ளைகளின் உயிர் பெரிது என்பார்கள். நிச்சயமாகப் பெரிது. அதனால்தான் இந்த நம்பிக்கை எனக்குக் கோபமூட்டுகிறது. ஆல் வீல் டிரைவ் உதவுவது வண்டியைக் கிளப்பும்போதும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும். பிரேக் மிதித்தால் அதற்கு வேலையில்லை. எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. நனைந்த சாலையில் எத்தனை அடியில் வண்டி நிற்கும் என்பதை டயரும் ஏபிஎஸ்ஸும்தான் தீர்மானிக்கின்றன. பட்டன் தேய்ந்து மொட்டையான டயர், தேங்கிய தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கினால் நான்கு சக்கரத்துக்கும் பவர் போய் என்ன பயன்? இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சாதா வண்டியில் சக்கரம் வழுக்கினால், சாலை சரியில்லை என்று ஓட்டுபவருக்கு உடனே உறைக்கும். ஆல் வீல் டிரைவில் வண்டி தடுமாறாமல் கிளம்பிவிடுகிறது. அந்தத் தைரியத்தில் வேகம் கூடுகிறது. வளைவில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

மலைக்கு அது வேண்டாமா? ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. இரண்டு மலைக்கும் நம் அரசுப் பேருந்துகள் ஜனங்களை ஏற்றிக்கொண்டு மழையிலும் பனிமூட்டத்திலும் தினமும் ஏறி இறங்குகின்றன. அவற்றில் இழுப்பது பின்சக்கரங்கள் மட்டுமே. இறங்கும்போது அந்த ஓட்டுநர்கள் நம்புவது சிறிய கியரையும் எஞ்சின் பிடிமானத்தையும். காரில் போகிறவர்களுக்கும் மலையில் முதலில் வேண்டியது அதுதான்.

எஸ்டேட்டுக்குள் சேற்று ஏற்றத்தில் தினமும் போகிறவருக்கும், பனி உறையும் ஊரில் இருப்பவருக்கும் ஆல் வீல் டிரைவ் தேவை. அவர்கள் வாங்கட்டும். அலுவலகம், பள்ளிக்கூடம், வருடத்துக்கு ஒரு ஊட்டி என்று ஓடும் குடும்பத்துக்கு அது தேவையே இல்லை. அந்த ஒன்றரை லட்சத்தில் ஒரு சிறு பங்கை, டயர் தேயும் முன்பே நல்ல டயராக மாற்ற ஒதுக்குங்கள். மிச்சம் உங்களுடையது.

இவ்வளவுக்குப் பிறகும் ஆல் வீல் டிரைவ்தான் என்றால், இரண்டு மாடலின் மைலேஜையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை அட்வான்ஸ் கட்டாதீர்கள்.