ஆவுளியாவும் அறுந்த வலையும்



1741-ஆம் ஆண்டு, பேரிங் தீவிலே கப்பல் உடைந்து ஒதுங்கிய ஸ்டெல்லர் எனும் அறிஞர், கடற்பாசி மேய்ந்து வாழ்ந்த பெருவிலங்கொன்றைக் கண்டார். எதிர்க்கத் தெரியாத, விரைந்தோடவும் இயலாத சாதுவான உயிர் அது. ஊனுக்காக வேட்டையாடினர். 1768-க்குப் பின் அவ்வினத்தைக் கண்டவர் எவருமில்லை. ஓர் இனத்தைக் கருவறுக்க 27 ஆண்டுகளே போதுமானதாயிற்று!

அதன் உறவினம்தான் நமது பாக் விரிகுடாவில் வாழும் ஆவுளியா. ஏடுகள் கடற்பசு என்று கூறும் உயிர். நாளொன்றுக்கு 40 கிலோ வரை கடற்புல் மேயும். சில நிமிடங்களுக்கொருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையிற் சிக்கினாலோ, கடலிலே பிறந்த உயிர் கடலிலேயே மூச்சுத் திணறி மாள்கிறது. தாய் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரு கன்றை ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்று மாண்டால், அதனை ஈடுசெய்தல் எளிதோ?

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் அதற்குக் காப்பளிக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரையிலான கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவிலே இதுவே முதலாவது. பாராட்டுகிறோம். ஆனால், ஆணை கோட்டையிலே இருக்கிறது. ஆவுளியா அலையிலே இருக்கிறது. இடையிலே நிற்பவன் மீனவன்.

சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்த மீனவர் உண்டு. அவர்கட்கு வனத்துறை பரிசளித்ததும் உண்டு. நன்று! எனினும் ஒன்று கேட்கிறோம்: அறுந்த வலைக்கும் இழந்த மீனுக்கும் விலை என்ன? பரிசு, கொடுப்பவரின் பெருந்தன்மை. இழப்பீடு, உழைப்பவனின் உரிமை. அவ்வுரிமையைச் சட்டத்தில் எழுதிடுக என்பதே நமது கோரிக்கை.

"விலங்கு பெரிதா, மீனவன் வயிறு பெரிதா?" என்று வினவுவோர் இருக்கின்றனர். அவர்கட்கு நாம் கூறுவது இது: ஆவுளியா மேயும் கடற்புல் வெளியே மீன்குஞ்சும் இறாலும் வளரும் தொட்டில். கடலடியை வாரிச் செல்லும் இழுவை மடி அப்புல்லை வேரோடு பெயர்த்தால், ஆவுளியா மட்டுமா பட்டினி கிடக்கும்? சிறு வள்ளக்காரன் வீட்டு அடுப்பும் அணையுமே! இருவர்க்கும் பகை ஒன்றே எனில், இருவர்க்கும் காவலும் ஒன்றாகத்தானே இருத்தல் வேண்டும்?

ஆகவே தோழர்களே, கரையோரச் சிற்றூர்கட்குச் செல்லுங்கள். மீனவர் சொல்வதை முதலில் கேளுங்கள். பின்னர் இதனை எடுத்துரையுங்கள். ஸ்டெல்லர் கண்ட உயிரை அன்று எவரும் காக்கவில்லை. ஆவுளியாவுக்கு நாம் இருக்கிறோம்.