கண்ணுக்கும் ஓய்வு வேண்டும்

விழித்திருக்கும் கண் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. விநாடிக்குச் சுமார் 3 முறை தாவுகிறது. தாவல்களுக்கு இடையே நிற்கும் சிறு பொழுதிலேயே தெளிவாகக் காண்கிறது. எங்கே தாவுவது என்பதைச் செய்யும் வேலையே பெரிதும் தீர்மானிக்கிறது. ஒரே ஓவியத்தைப் பார்ப்பவரிடம் கேள்வியை மாற்றினால் பார்வை செல்லும் வழியும் மாறுவதை ருஷ்ய விஞ்ஞானி யார்பஸ் 1965-இல் வெளியிட்ட நூலில் காட்டினார்.

ஓய்வில் நிமிஷத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கும் கண், நுண்ணிய வேலையில் மிகக் குறைவாகவே இமைக்கிறது. அதனால் கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது. அருகிலேயே நோக்குவதால் இறுகும் கண் தசை, தூரத்தே பார்க்கையில் தளர்கிறது.

தறியில் இழை பார்ப்பவருக்கும் பயிரில் பூச்சி தேடுபவருக்கும் இது பொருந்தும். ஆனால் நெய்த அளவுக்கே கூலி பெறும் நெசவாளர் தலை நிமிர அஞ்சுகிறார். ஆகவே, சங்கத்தின் தறிக்கூடங்களில் மணிக்கு ஒருமுறை சில நிமிஷ ஓய்வை, கூலி குறையாமல், விதியாக்க வேண்டும். நேரம் வீணாகுமே என்பார் சிலர். சோர்ந்த கண் தவறவிட்ட இழையைப் பிரித்து மீண்டும் நெய்வதற்கும் நேரம் ஆகிறதல்லவா? வருகிற பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகிறோம்.