உயிரோடிருப்பதற்கு ஓர் அத்தாட்சி

நம் நாட்டில் செத்துப்போனவனுக்கு வருஷந்தோறும் திதி கொடுக்க எவ்வித அத்தாட்சியும் வேண்டியதில்லை. கொடுத்த பிண்டம் போய்ச் சேர்ந்ததற்கு எந்தப் புரோகிதனும் ரசீது காட்டியதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஆனால் கால் சூம்பியோ, சதை கரையும் வியாதியாலோ படுத்துக் கிடக்கும் ஒருவன், சர்க்கார் தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையைத் தொடர்ந்து வாங்க வேண்டுமானால், தான் இன்னும் சாகவில்லை என்று வருஷந்தோறும் ‘வாழ்நாள் சான்று’ என்னும் பாரத்தைப் பூர்த்தி செய்து, கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாக வேண்டும். பாரம் என்று இதற்குப் பேர் வைத்தவன் தெரிந்தேதான் வைத்திருக்கிறான்.

கரிவலம்வந்தநல்லூர்ப் பால்வண்ணநாதர் கோயில் புராணத்தில், பிள்ளையில்லாத பாண்டிய ராஜா ஒருவனுக்குக் கடவுளே வந்து ஈமக்கடன் செய்ததாகச் சொல்லுகிறார்கள். செத்த ராஜாவுக்குக் கருமாதி செய்ய நேரமிருந்த கடவுளுக்கு, உயிரோடிருக்கும் ஏழையின் பாரத்தை எடுத்துக்கொண்டு சங்கரன்கோயில் தாலுகா ஆபீசுக்கு ஒரு நடை போய்வர நேரமில்லை போலும்!

நிற்க, சோதனையே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. செத்தவர் பேரில் பணம் தின்னும் யோக்கியர்கள் நாட்டில் உண்டு. அது பொதுஜனங்களின் வரிப்பணம். ஆனால் சோதிக்கும் வேலை யாருடையது என்றுதான் கேட்கின்றோம். நமது மாகாணத்துக் கிராமப் பஞ்சாயத்துகளில் ஜனன மரணப் பதிவாளர் யார்? அதே கிராம நிர்வாக அலுவலர்தான். ஊரில் யார் செத்தாலும் அவரிடந்தான் பதிய வேண்டும். 1969ஆம் வருஷத்துச் சட்டம் அப்படிச் சொல்லுகிறது. செத்தவர் கணக்கைக் கையில் வைத்திருக்கிறவர், சாகாதவனைத் தம் மேஜைக்கு வரச்சொல்லி, “நீ சாகவில்லை” என்று எழுதித் தருவது என்ன நியாயம்? நடக்க முடியாதவனுக்கென்று ஏற்பட்ட உதவிக்கு நடந்து வந்தால்தான் கையெழுத்து என்றால், இதைவிட வேடிக்கை வேறென்ன?

அடுத்தது சதவீதக் கணக்கு. 2016ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகை ஊனங்களைச் சொல்லி, சலுகைகளுக்கு 40 சதவீதம் என்று கோடு போட்டது. மத்திய சர்க்காரின் பென்ஷனுக்கோ 80 சதவீதம் வேண்டும். அப்படியிருந்தும் தருவது மாதம் 300 ரூபாய்! நம் மாகாணத்து ஊனமுற்றோர் பென்ஷன் 2023 ஜனவரியில் 1,500 ஆயிற்று. ஆகவே 50 சதவீதம் சூம்பிய கால் சென்னையில் ஊனம். டில்லியில் அது நல்ல கால்.

போலியோவை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் காணப்பட்டாள். 2014 மார்ச்சில் இப்பிரதேசம் போலியோ ஒழிந்ததென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிற்று. ஒழித்தது சொட்டு மருந்தேயன்றி நேர்த்திக்கடனல்ல. ஆனால் அதற்கு முன் சூம்பிய கால் மறுபடி வளரப்போவதில்லை. மாறாத ஊனத்துக்கு நிரந்தரச் சான்று தரலாமென்று 2017ஆம் வருஷத்து விதிகளே கூறுகின்றன. அதே விதிகளை 2024இல் திருத்தி, சான்று தரும் கெடுவை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக்கினார்கள். இரண்டு வருஷம் வைத்திய அதிகாரிகள் முடிவு செய்யாவிட்டால் மனு செயலற்றுப் போகும் என்றும் சேர்த்தார்கள். தாமதம் ஆபீசுடையது, தண்டனை மனுதாரனுக்கு!

இது நம் நாட்டுப் புத்தி மட்டுமல்ல. இங்கிலாந்தில் 2013இல் ஊனமுற்றோர் உதவியைப் புதுப்பித்தபோது, நடக்க மாட்டாதவர் என்பதற்கு வழக்கத்திலிருந்த 50 மீட்டர் அளவை 20 மீட்டராகச் சுருக்கினார்கள். உதவி பெற்றுவந்த பலர் அதை இழந்தார்கள். இங்கே பாங்கிகளோ, உயிருள்ள ஆள்தானா என்று பார்க்கக் காமிராவின் முன் கண் சிமிட்டச் சொல்லின. திராவகம் வீசப்பட்டுக் கண்ணிழந்தவர் எதைச் சிமிட்டுவார்? 2025 ஏப்ரல் 30இல் சுப்ரீம் கோர்ட் இதை மாற்றச் சொல்லி, இவ்வசதிகளை அடைவது உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது.

இனி நம் ஜனங்களிடமும் ஒரு வார்த்தை. முன் ஜன்ம பாவம் என்ற போதனை நம் இரத்தத்தில் ஊறியிருப்பதால், ஊனத்தை மறைப்பதே மானம் என்று எண்ணுகிறோம். டாக்டர் “எழுந்து உட்கார முடியுமா?” என்று கேட்டால், தாய் முந்திக்கொண்டு, “அதெல்லாம் அவனே செய்துக்கிடுவான்” என்கிறாள். தங்கைக்குக் கலியாணம் ஆக வேண்டுமே என்ற பயம்! அந்த ஒரு வார்த்தையில் சதவீதம் இறங்கிவிடுகிறது. பிச்சைக்காரன் தன் புண்ணைக் காட்டுவதும், உரிமையுள்ளவன் தன் நிலையைச் சொல்லுவதும் ஒன்றாகா. நல்ல நாளில் ஒரு தரம் படியேறியதைச் சொல்ல வேண்டியதில்லை; மாதத்தில் எத்தனை நாள் ஏற முடியவில்லை, யார் தூக்கிவிட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். கொடுத்த பாரத்துக்கு நகலும், வாங்கியதற்கு ஒப்புகைச் சீட்டும் கையிலிருக்க வேண்டும்.

எழுதத் தெரிந்த வாலிபர்கள் ஆளுக்கு இரண்டு வீட்டுக்குப் போய்ப் பாரம் எழுதிக்கொடுக்க முன்வர வேண்டும். அன்றியும், கிராம நிர்வாக அலுவலரே வருஷத்தில் ஒரு நாள் மரணப் பதிவுடன் வீடு வீடாக வந்து சரிபார்த்துப் போகட்டும் என்று ஊரார் ஒரு மனு எழுதிக் கையெழுத்திட வேண்டும். தென்காசிக் கலெக்டர் திங்கட்கிழமை தோறும் மனு வாங்குகிறார். 2019 வரை திருநெல்வேலிக்கல்லவா போக வேண்டியிருந்தது; இப்போது கிட்டத்தான். காலையில் முதல் பஸ்ஸில் ஏறினால் கூட்டத்துக்கு முன் போய்விடலாம்.