ஜீப் கழுவுற பொடியன்

கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள். வாகனம் இல்லாதவர்கள், வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை இருந்தால் வாசியுங்கள்.

"கழுவுறதுக்கு ஒரு லெட்சத்தி இருபதாயிரமா?"

இந்தக் கேள்வியை இந்த மாதம் மட்டும் நாலு பேரின் வாயில் கேட்டுவிட்டேன். கேட்ட நாலு பேரும் இல்லாதவர்கள் அல்ல. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பிறகு, அக்கரைப்பற்று கல்முனை வீதியிலும் புது ஜீப்கள் ஓடத் தொடங்கிவிட்டன. வரியோடு சேர்த்து விலை கோடிக் கணக்கில். அரசாங்கம் போட்ட வரிக்கு யாரும் பேரம் பேசவில்லை, பேசவும் முடியாது. இறக்கித் தந்த கம்பனியிடம் பேரம் பேசினால் "அடுத்த ஆள் காத்திருக்கிறார்" என்பான், அதனால் அங்கேயும் வாய் திறக்கவில்லை. லீசிங் கம்பனி நீட்டிய தாளில் வட்டி வீதத்தை வாசிக்காமலே கையெழுத்து வைத்தோம். பேரம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? கையில் மைக்ரோஃபைபர் துணியோடு, முழங்கால் வரை நனைந்து நிற்கிற 23 வயதுப் பொடியனிடம்.

என்னிடம் விஞ்ஞானம் படித்த இரண்டு பேர் இப்போது இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். இரண்டு பேரும் ஏ.எல். வரை வந்தவர்கள். டிசம்பர் விடுமுறையில் பல நாட்கள் அவர்களுடைய இடத்துக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "சேருக்கு வேற வேலை இல்லையா" என்று கேட்டவர்களுக்கு இந்தப் பதிவுதான் பதில்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். அது கழுவல் அல்ல. கழுவுவது அந்த வேலையில் முதல் ஒரு மணித்தியாலம் மட்டும்.

புது வாகனத்துக்கு எதற்கு இது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் "புது" ஜீப் என்பது உங்களுக்குத்தான் புதிது. யப்பானில் யார்டில் நின்று, கப்பலில் ஏறி, ஹம்பாந்தோட்டையில் இறங்கி, அங்கே வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்து, பிறகு விற்பனைக்கு வைத்த இடத்தில் ஒரே வாளித் தண்ணீரில் ஒரே ஸ்பொஞ்சால் பத்து வாகனத்தோடு சேர்த்துத் துடைக்கப்பட்டுத்தான் உங்கள் கைக்கு வருகிறது. றீகண்டிஷன் என்றால் அதற்கு முன்னால் ஒருவர் ஓட்டியும் இருக்கிறார். கறுப்பு ஜீப்பை நண்பகல் வெயிலில் நிறுத்திப் பொனட்டைப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கீறல் தெரியும். அது கல் பட்ட கீறல் அல்ல, மண் ஒட்டிய துணி போட்ட கீறல். கையால் தடவினால் மணல் மாதிரிச் சொரசொரக்கும். பிரேக்கிலிருந்தும் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வந்த இரும்புத் துகள் பெயின்ட்டில் குத்தி நிற்கிறது. அதைக் கரைக்கிற திரவத்தை அடித்தால் வெள்ளைக் கதவில் ஊதா நிறத்தில் வடியும். நாற்றம் வேறு, கூழ்முட்டை உடைந்த மாதிரி.

அதன் பிறகு பிள்ளைகள் விளையாடுகிற களி மாதிரி ஒரு கட்டி. வழுக்கும் திரவம் அடித்து, அந்தக் கட்டியை மெதுவாக இழுத்து, மிச்ச அழுக்கைப் பிடுங்குவார்கள். கட்டி நிலத்தில் விழுந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். ஒரு மணல் ஒட்டியிருந்தால் போதும், கதவு முழுக்கக் கோடு விழும்.

இனித்தான் உண்மையான வேலை. பெயின்ட்டின் மேலே நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது, கிளியர் கோட் என்பார்கள். வெயிலையும் மழையையும் தாங்குவது அதுதான். பெரும்பாலான வாகனங்களில் அதன் தடிப்பு 35 முதல் 50 மைக்ரோன் வரை. விளங்காவிட்டால் நீங்கள் ஃபொட்டோ கொப்பி எடுக்கிற தாள் ஒன்றைக் கையில் எடுங்கள். அது ஏறக்குறைய 100 மைக்ரோன். உங்கள் கோடி ரூபாய் ஜீப்பைக் காப்பாற்றுகிற கவசம் அந்தத் தாளின் பாதித் தடிப்பு. கீறலை எடுப்பது என்றால் அந்தக் கவசத்திலிருந்தே ஒரு சில மைக்ரோனை மெஷினால் தேய்த்து எடுப்பது. கூடத் தேய்த்தால் போச்சு. விளிம்பிலும் மடிப்பிலும் பூச்சு இன்னும் மெல்லிசு. அந்த இடத்தில் மெஷினை இரண்டு செக்கன் கூட வைத்தால் பெயின்ட் எரிந்துவிடும், பிறகு அந்தப் பகுதியைத் திரும்ப ஸ்பிரே பண்ண வேண்டும். தெரிந்த பொடியன் முதலில் அளவு கருவியை வைத்து ஒவ்வொரு பகுதியின் தடிப்பையும் பார்ப்பான். ஒரு கதவில் மட்டும் எண் இரண்டு மடங்காகக் காட்டினால் அந்தக் கதவு முன்பே அடிபட்டுத் திரும்பப் பெயின்ட் பண்ணியது என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவான். (இதைக் கேட்டு முகம் கறுத்த ஒரு ஹாஜியாரையும் பார்த்தேன். பெயர் சொல்லமாட்டேன். வாகனத்தை விற்றவனிடம் அவர் என்ன சொன்னார் என்பதும் வேண்டாம்.)

தேய்த்து முடிந்ததும் அல்கஹோல் கலந்த திரவத்தால் துடைப்பார்கள். பொலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மூடிக்கொண்டு ஏமாற்றும், அதைத் துடைத்தால்தான் உண்மை தெரியும். இந்த ஒரு படியைத் தாண்டி விடுகிற கடை ஏமாற்றுக் கடை. பிறகுதான் நீங்கள் காசு கொடுக்கிற அந்தச் செரமிக் கோட்டிங். சின்னப் போத்தலில் வருகிறது, சிலிக்கா சேர்ந்த திரவம். கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி, சரியான நிமிடத்தில் துடைக்க வேண்டும். எங்கள் கரையோரத்துப் புழுக்கத்தில் அது சீக்கிரம் இறுகிவிடும். பிந்தினால் திட்டுத் திட்டாகக் கட்டிபடும், எடுப்பதற்குத் திரும்பவும் மெஷின். ஹைபிரிட் என்றால் பொனட்டுக்குள் செம்மஞ்சள் நிற வயர் போகிற இடத்தில் தண்ணீர் அடிக்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு பொடியன்கள், மூன்று நாள். இப்போது சொல்லுங்கள், இது கழுவலா?

நான் இருக்கும்போதே நடந்த ஒரு பேரம். முதலாளி சொன்ன விலை 120,000. வந்தவர் இழுத்து இழுத்து 75,000 இல் கொண்டுவந்து நிறுத்தினார். "நம்ம ஆக்கள்தானே" என்று ஒரு வார்த்தை வேறு. வென்றுவிட்ட சந்தோசம் அவருக்கு. அந்த 45,000 எங்கேயிருந்து போனது என்று நினைக்கிறீர்கள்? கோட்டிங் போத்தல் விலை குறையாது. பேட், துணி, கொம்பவுண்ட், கரண்ட் பில், கடை வாடகை எதுவும் குறையாது. குறையக்கூடியது இரண்டுதான். ஒன்று வேலை: தேய்க்க வேண்டிய இடத்தில் எண்ணெய் பூசி மறைப்பது, செரமிக் என்று சொல்லி ஸ்பிரே வெக்ஸ் அடிப்பது. மற்றது கூலி. அந்தக் கடையில் வேலை குறையவில்லை, நான் பார்த்தேன். கூலிதான் குறைந்தது. அடுத்த நாளே ஜீப்பின் படம் ஃபேஸ்புக்கில், "மாஷா அல்லாஹ்" என்று இருநூறு கமெண்ட். கூலி பற்றிய ஹதீஸைக் குத்பாவில் கேட்காதவர் நம்மில் யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

கூலியைவிட எனக்கு வயிற்றைப் பிசைகிற விசயம் அவர்களுடைய கை. றிம்மில் இறுகிய பிரேக் கறையை எடுக்க "அசிட்" என்று ஒன்றை ஊற்றுகிறார்கள். லேபல் இல்லாத கான். சில றிம் கிளீனர்களில் ஐதரோபுளோரிக் அமிலமோ அதன் உப்புகளோ இருக்கும். இரசாயனம் படித்தவர்களுக்குத் தெரியும், இது மற்ற அமிலம் மாதிரி அல்ல. நீர்த்திருந்தால் பட்ட உடனே எரியாது. மணித்தியாலங்கள் கழித்துத்தான் வலி தொடங்கும், அதற்குள் தோலைக் கடந்து உள்ளே போய் உடம்பின் கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கென்று கல்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்கிறது. நான் போன எந்தக் கடையிலும் அதைக் காணவில்லை. கையுறை ஒரு ஆணியில் தொங்கியது, கிழிந்தபடி. கோட்டிங்கின் ஆவிக்கு கொரோனாக் காலத்து நீல மாஸ்க். அது தூசியையே ஒழுங்காகத் தடுக்காது, ஆவியை எப்படித் தடுக்கும்? கரிப் பில்ட்டர் வைத்த முகமூடி வேண்டும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத்தான் வேலை, தூசி வரக்கூடாதாம். ஜீப்பில் தூசி படியக்கூடாது. பொடியனின் நெஞ்சுக்குள் எது படிந்தாலும் பரவாயில்லை.

கடை முதலாளிமாரே, உங்களில் பலர் எனக்குத் தெரிந்தவர்கள், கோபிக்க வேண்டாம். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958 இல் வந்தது, நேற்று வந்ததல்ல. முதலாளி 12 வீதம், ஊழியர் 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். "இவன் நம்மட குடும்பத்துப் பிள்ளை மாதிரி" என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கணக்கைத் திறக்காமல் வைத்திருக்கிறீர்கள். குடும்பத்துப் பிள்ளை என்றால் அல்லவா முதலில் திறக்க வேண்டும்? (கழுவிய தண்ணீர் எந்தக் கானுக்குள் போகிறது என்பதை இன்னொரு பதிவில் எழுதுகிறேன்.)

இனி நம் ஊராரின் பங்குக்கு வருகிறேன். என் பழைய மாணவன் ஒருவனுக்குக் கலியாணம் பேசினார்கள். எல்லாம் சரி வந்தது. "மாப்பிள்ளை என்ன செய்றார்?" "வாகன டீட்டெய்லிங்." "அப்படியெண்டா?" யாரோ பக்கத்திலிருந்து விளக்கம் சொன்னார்: "கார் கழுவுற வேலை." பேச்சு அதோடு முடிந்தது. ஆறு மாதத்தில் அதே பெண்ணுக்கு வேறு இடத்தில் நடந்தது. மாப்பிள்ளை கட்டாரில். அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும், ஏனென்றால் அவனும் என் பாடசாலைதான். தோஹாவில் ஒரு கடையில் இதே வேலை, இதே துணி, இதே மெஷின். கடல் தாண்டினால் அது "வெளிநாட்டு மாப்பிள்ளை". ஊருக்குள் செய்தால் "கழுவுறவன்".

ஆசிரியர்களும் சும்மா இல்லை. "படிக்காட்டி கார் கழுவத்தான் போவாய்" என்று வகுப்பில் மிரட்டுவது எங்கள் தொழிலில் வாய்ப்பாடு மாதிரி ஆகிவிட்டது. அந்த வகுப்பில் வாப்பா சேர்விஸ் ஸ்டேஷனில் வேலை செய்கிற பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கலாம் என்ற நினைப்புக்கூட இல்லை. 13 வருட உத்தரவாதக் கல்வி என்று 2017 இல் தொழிற்பாடங்களை ஏ.எல். வகுப்புக்குள் கொண்டுவந்ததே கைவேலையும் கல்விதான் என்று காட்டுவதற்கு. அதையும் "மொக்குப் பிள்ளைகளின் வகுப்பு" ஆக்கி வைத்தது யார்? மருதமுனைத் தறியைப் பற்றி மேடையில் பெருமை பேசுகிறோம். தறியில் இருந்தவரை அந்தக் காலத்தில் எப்படி நடத்தினோம் என்று மூத்தவர்களிடம் கேட்டால் அதுவும் வேறு கதையாக வரும்.

ஒரு சகோதரர் கேட்டார், "சேர், இது வீண்விரயம் இல்லையா, ஒரு ஜீப்புக்கு இவ்வளவு செலவழிக்கிறது?" வீண்விரயமா என்ற கேள்வியை ஜீப் வாங்கும்போது கேட்டிருக்க வேண்டும். வாங்கியதைப் பேணுவதில் கேட்பது, கல்யாணத்துக்கு ஆயிரம் பேரைக் கூப்பிட்டுவிட்டு சமையற்காரரின் சம்பளத்தில் சிக்கனம் பார்ப்பது மாதிரி. ஆனால் எல்லோருக்கும் இது தேவை என்றும் நான் சொல்லவில்லை. அடுத்த வருடமே விற்கப்போகிறவருக்குப் பல வருடக் கோட்டிங் எதற்கு? கல் தெறிப்பதைச் செரமிக் தடுக்காது, தடுக்கும் என்று சொல்பவர் பொய் சொல்கிறார். அதற்குத் தடித்த பிளாஸ்டிக் ஃபில்ம் ஒட்ட வேண்டும், அது இன்னும் விலை. காசு கொடுக்க மனமில்லையென்றால் இரண்டு வாளி எடுங்கள், ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். நிழலில் நிறுத்தி மேலிருந்து கீழே கழுவுங்கள். காக்கை எச்சத்தை அன்றைக்கே துடையுங்கள். போதும். அரை விலைக்கு முழு வேலை கேட்காதீர்கள்.

கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையில் "எத்தனை வருட கெரண்டி" என்று கேட்பதற்கு முன் மூன்று விசயம் கேளுங்கள். பெயின்ட் தடிப்பு அளக்கிற கருவி இருக்கிறதா? இந்தக் கானில் என்ன இருக்கிறது? வேலை செய்கிறவருக்கு ஈ.பி.எஃப். கட்டுகிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு முதலாளி சிரிப்பார். சிரிக்கட்டும். பத்து வாடிக்கையாளர் கேட்டால் பதினோராவது ஆளிடம் சிரிக்கமாட்டார்.

இந்த வேலையில் இருக்கிற தம்பிமாருக்கு ஒரு தகவல். வேலை தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களின் அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.க்யூ. சான்றிதழ் தருகிற முறை நைட்டாவில் இருக்கிறது. வாகனப் பெயின்ட் வேலைக்கும் உண்டு. திரும்ப வகுப்பில் போய் உட்காரத் தேவையில்லை, செய்து காட்ட வேண்டும். நாளைக்குக் கட்டாருக்குப் போனாலும், ஊரிலேயே சொந்தக் கடை போட வங்கிக்குப் போனாலும் அந்தத் தாள் கையில் இருப்பது நல்லது. படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் வாருங்கள். அடையாள அட்டைக் கொப்பியும், வேலை செய்த இடங்களின் விபரமும், செய்த வேலையின் படங்கள் ஃபோனில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.